இன்சைடு அவுட் 2: பதின்மூன்று வயதுக்குள் வந்து அமரும் பதற்றம்

பிள்ளைப் பருவம் கழிவதைப் பற்றிய படங்களில் பெரும்பாலானவை, வளர்ந்து முடித்தவர்கள் திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்காக எடுக்கப்பட்டவை. பிக்சார் நிறுவனம் 2024ஆம் ஆண்டு ஜூன் 14 அன்று திரைக்குக் கொண்டுவந்த ‘இன்சைடு அவுட் 2’ என்ற இயங்குபடம் (அனிமேஷன் படம்) அந்த வழியில் போகவில்லை. வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு பெண்பிள்ளையின் தலைக்குள்ளேயே அமர்ந்துகொண்டு, அவள் ஒரு வார இறுதியில் எப்படித் தன்னைத் தானே அடையாளம் தெரியாதவளாக ஆக்கிக்கொள்கிறாள் என்பதை, 96 நிமிடங்களில், நகைச்சுவையை விடாமலும் அழுகையைத் திணிக்காமலும் சொல்லிவிடுகிறது. கோடை விடுமுறையில் வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க ஒரு படம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இதுதான். ஆனால் பிள்ளைகளை மட்டும் தொலைக்காட்சி முன்னே உட்கார வைத்துவிட்டுப் பெரியவர்கள் வேலையைப் பார்க்கப் போய்விடக் கூடாது என்ற நிபந்தனையோடு சொல்கிறேன். காரணத்தைப் போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் கதை. 2015இல் பீட் டாக்டர் இயக்கத்தில் வந்த முதல் படத்தில், மின்னசோட்டாவிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்த பதினொரு வயது ரைலியின் தலைக்குள் மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், அருவருப்பு என்ற ஐந்து உணர்வுகள் ஒரு கட்டுப்பாட்டு அறையில் நின்று அவளை இயக்கிக்கொண்டிருந்தன. இரண்டாம் படத்தை இயக்கியவர் கெல்சி மான். முழுநீளப் படத்தை அவர் இயக்குவது இதுவே முதல் முறை. ரைலிக்கு இப்போது பதின்மூன்று வயது. எட்டாம் வகுப்பு முடிந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் கோடையில், பனிக்கட்டித் தரையில் ஆடும் ஹாக்கிக்கான மூன்று நாள் பயிற்சி முகாமுக்கு அவளும், அவளுடைய உயிர்த்தோழிகளான பிரீ, கிரேஸ் ஆகிய இருவரும் அழைக்கப்படுகிறார்கள். முகாமுக்குப் போகும் காரிலேயே, அடுத்த ஆண்டு தோழிகள் இருவரும் வேறு பள்ளிக்குப் போகப்போகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியவருகிறது. அதற்கு முந்தைய இரவில்தான் கட்டுப்பாட்டு அறையில் ஒரு சிவப்பு எச்சரிக்கை விளக்கு அலறி, பூப்பருவம் வந்துவிட்டது என்று அறிவித்து, கடப்பாரையும் சுத்தியுமாக வேலையாட்கள் உள்ளே புகுந்து சுவரை இடித்திருக்கிறார்கள். காலையில் பார்த்தால் விசைப்பலகை மாறியிருக்கிறது. விரல் நுனியால் தொட்டாலே ரைலி அம்மாவிடம் சீறி விழுகிறாள், அடுத்த கணமே தான் கெட்டவள் என்று அழுகிறாள். அந்த இடிபாடுகளுக்கு நடுவே பதற்றம், பொறாமை, சலிப்பு, கூச்சம் என்ற நான்கு புதிய உணர்வுகள் பெட்டி படுக்கையோடு வந்து சேர்கின்றன.

இந்த நால்வரில் படத்தைத் தூக்கி நிறுத்துவது பதற்றம்தான். செம்மஞ்சள் நிறம், காது வரை கிழிந்த வாய், பொள்ளாச்சிப் பக்கத்துக் கயிற்று ஆலை முற்றங்களில் உலரப் போட்ட தேங்காய் நார்போல விறைத்து நிற்கும் தலைமுடி, எந்நேரமும் எதையாவது பற்றிக்கொண்டிருக்கும் கைகள் என்று வரைந்திருக்கிறார்கள். மாயா ஹாக்கின் குரல், ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அடுத்த வாக்கியத்துக்கு ஓடும் குரல். இவளை வில்லியாக எழுதாததுதான் திரைக்கதையின் பெரிய கெட்டிக்காரத்தனம். அவள் வந்தவுடன் பணிவாகவே பேசுகிறாள். தான் உதவ வந்திருப்பதாகச் சொல்கிறாள். கண்ணுக்குத் தெரிகிற ஆபத்திலிருந்து காப்பது பயத்தின் வேலை என்றால், கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகளுக்கு முன்கூட்டியே திட்டமிடுவது தன் வேலை என்று விளக்குகிறாள். ரைலி உயர்நிலைப் பள்ளியில் தனித்து நின்றுவிடக் கூடாது, அணியில் இடம் கிடைக்க வேண்டும், மூத்த மாணவிகள் அவளை மதிக்க வேண்டும்: இவை எல்லாமே நியாயமான கவலைகள். நியாயமான கவலைகளை அடுக்கி அடுக்கித்தான் அவள் பழைய ஐவரையும் ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் அடைத்து வெளியே அனுப்புகிறாள். ரைலி அதுவரை வளர்த்து வைத்திருந்த ‘நான் நல்லவள்’ என்ற சுய உருவத்தையும் பிடுங்கி, நினைவின் கடைக்கோடிக்கு எறிந்துவிடுகிறாள்.

இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. பதற்றம் பேசுவது அத்தனையும் நம் வீட்டுச் சமையலறையிலும் திண்ணையிலும் பேசப்படுகிற பேச்சு. ‘உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்’, ‘இப்ப ரெண்டு வருசம் பல்லைக் கடிச்சுட்டுப் படிச்சுட்டா அப்புறம் வாழ்க்கை பூரா நிம்மதி’, ‘அந்த வீட்டுப் புள்ளை எத்தனை மார்க்குன்னு தெரியுமா’ என்று எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், உண்மையான பாசத்தோடு நாம் பேசுகிற பேச்சுதான் அது. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் விடுதியோடு கூடிய பள்ளிகள் வரிசையாக எழுந்து நிற்கிற நாடு இது. தறி ஓட்டிச் சேர்த்த பணத்தையும், கோழிப்பண்ணையில் வந்த வருமானத்தையும், தோட்டத்தை அடமானம் வைத்து வாங்கிய கடனையும் கட்டணமாகக் கட்டி, ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு வரும் குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. 2017இல் தமிழ்நாட்டு அரசு பொதுத்தேர்வில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. அதே ஆண்டில் நீட் தேர்வு நம் மாநிலத்துக்குள் முழுமையாக வந்து சேர்ந்தது. ஒரு கவலை போகிற வாசலில் இன்னொரு கவலை பெட்டியோடு நின்ற கதையாகிவிட்டது. ரைலியின் தலைக்குள் நடக்கும் ஆட்சி மாற்றத்தைப் பார்க்கும் கொங்கு நாட்டுப் பெற்றோருக்கு அது அந்நியமாகத் தெரியாது.

படத்தின் ஆகச் சிறந்த கற்பனை என்று நான் கருதுவது இரவு நேரத்துக் காட்சி. ரைலி தூங்க வேண்டிய நேரத்தில், கற்பனை உலகத்தின் ஒரு பகுதியைப் பதற்றம் பெரிய அலுவலகமாக மாற்றி, வரிசை வரிசையாக மேசை போட்டு, ஊழியர்களை உட்கார வைத்து, நாளைக்கு என்னென்ன தவறாகப் போகலாம் என்று படம் வரையச் சொல்கிறாள். வரைந்த ஒவ்வொரு படமும் கட்டுப்பாட்டு அறையின் திரைக்குப் போகிறது. ரைலி புரண்டு புரண்டு படுக்கிறாள். அங்கே வந்து சேரும் மகிழ்ச்சி, ஊழியர்களிடம் நல்லவிதமாகவும் நடக்கலாமே என்று வரையச் சொல்லிக் கலகம் மூட்ட, கடைசியில் தலையணைச் சண்டையாக முடிகிறது. இயங்குபடம் வரைகிறவர்களின் தொழிற்கூடத்தையே படம் இங்கே லேசாகக் கிண்டல் செய்துகொள்கிறது என்பது பெரியவர்களுக்கான சிரிப்பு. இரவு பதினொரு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு நாளைய தேர்வை நூறு விதமாகத் தோற்றுப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் இந்தக் காட்சிக்கு உரை தேவைப்படாது. எங்கள் வீட்டில் என் அண்ணன் மகள், எட்டாம் வகுப்பை முடித்துவிட்டு ஜூனில் விடுதிக்குப் போகப்போகிறவள், இந்த இடத்தில் ‘அத்தை, இதேதான்’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டு மறுபடி திரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். மேற்கொண்டு நான் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவளுடைய அம்மா, என் நங்கையா, கையிலிருந்த வெண்டைக்காயைக் கீழே வைத்துவிட்டு அதன் பிறகுதான் படத்தை முழுதாகப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

தோழிகள் பிரியும் பகுதியையும் நிதானமாக எழுதியிருக்கிறார்கள். முகாமில் வேல் ஓர்ட்டிஸ் என்ற மூத்த மாணவி, ஃபயர் ஹாக்ஸ் அணியின் தலைவி, ரைலிக்கு ஆதர்சமாகிறாள். அவளுடைய கூட்டத்தில் இடம்பிடிக்க, தனக்கு மிகவும் பிடித்த பாட்டுக் குழுவைப் பிடிக்காதது போல ரைலி ஏளனம் செய்கிறாள். அதே பாட்டுக் குழுவைத் தன்னோடு சேர்ந்து ரசித்த தோழிகள் இருவரும் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சின்னக் காட்சிதான். சென்னையிலோ பெங்களூரிலோ கல்லூரிக்குப் போன முதல் மாதத்தில் ‘ஏனுங்க’ என்ற பேச்சை அறைத்தோழிகள் முன்னால் விழுங்கிவிட்டு, ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது மட்டும் மொட்டைமாடிக்குப் போன எங்கள் ஊர்ப் பெண்கள் பலருக்கு அது சுருக்கென்று தைக்கும். ரைலி தலைமுடியில் ஒரு கற்றைக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொள்வதும் அதே வகைதான். இவ்வளவையும் செய்யச் சொல்வது பதற்றம் என்றாலும், செய்வது ரைலியின் கை என்பதைப் படம் மறைக்கவில்லை.

அந்தக் கை எது வரை போகிறது என்றால், நள்ளிரவில் பயிற்சியாளரின் அறைக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து, அவருடைய சிவப்புக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்க்கும் வரை. அதில் அவளைப் பற்றி எழுதியிருப்பது, இன்னும் தயாராகவில்லை என்பதுதான். ஒரு பயிற்சியாளர் ஒரு மாணவியைப் பற்றி எழுதக்கூடிய மிகச் சாதாரணமான குறிப்பு அது. அதைப் படிப்பவளுக்கோ அது தீர்ப்பாகிவிடுகிறது. இங்கேதான் எனக்குப் படத்தின் மேல் ஒரு மனத்தாங்கல். வெளியிலிருந்து வரும் அழுத்தம் முழுவதையும் படம் அந்த ஒற்றைக் குறிப்பேட்டுக்குள் அடக்கிவிடுகிறது. ரைலியின் பெற்றோர் பஞ்சுபோல மென்மையானவர்கள். மகள் அணியில் இடம்பிடிக்காவிட்டால் அவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது. பயிற்சியாளர் கண்டிப்பானவர், அநியாயக்காரர் அல்லர். ஆகவே பதற்றம் என்பது பிள்ளையின் தலைக்குள்ளேயே முளைத்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே தீர்க்கப்பட வேண்டிய விவகாரமாக ஆகிறது. நம் பக்கத்தில் குறிப்பேட்டை யாரும் நள்ளிரவில் திருடிப் பார்க்க வேண்டியதில்லை. வாராந்தரத் தேர்வின் மதிப்பெண்களை இறங்குவரிசையில் அடுக்கிப் பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவில் பள்ளியே போட்டுவிடுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பிள்ளைக்குத் தெரிவதற்கு முன்பே சித்தப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் தெரிந்திருந்தது. அந்தப் பட்டியலின் அடியில் பெயர் வரும் பிள்ளைக்கு, படத்தின் முடிவில் மற்ற உணர்வுகள் செய்வதுபோல, உன் தலைக்குள் உள்ள பதற்றத்தைச் சாய்வு நாற்காலியில் உட்காரச் சொல் என்று மட்டும் சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. உள்ளே நடப்பதைக் காட்டுவதுதான் இந்தத் தொடரின் முறை என்பது தெரிந்ததுதான். ஆனாலும் முதல் படத்தில் ஊர் மாறிய துயரமும் அப்பாவின் தொழில் நெருக்கடியும் உள்ளே நடப்பதோடு பிணைந்து வந்தன. இரண்டாம் படத்தில் அந்தப் பிணைப்பு தளர்ந்திருக்கிறது.

பூப்பருவத்தைப் படம் கையாளும் விதமும் தனியாகப் பேசத் தகுந்தது. எச்சரிக்கை விளக்கு, இடிக்கும் வேலையாட்கள், வியர்வை நாற்றம், முகப்பரு, பல்லுக்குப் போட்ட கம்பி என்று வேடிக்கையாகத் தொடங்கி, அங்கேயே நின்று, உடனே மனத்துக்குள் போய்விடுகிறது. பதின்மூன்று வயதுப் பெண்ணின் உடலில் நடக்கும் முக்கியமான மாற்றத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. நம் ஊரிலோ நேர்மாறு. பெண் பெரியவளானால் பச்சை ஓலையில் குச்சு கட்டி, தாய்மாமன் தட்டு வரிசையோடு வந்து, திரட்டிச் சீர் செய்து, மண்டப வாசலில் ஆளுயரப் பதாகை வைத்து, ஊருக்கே சாப்பாடு போடுகிறோம். அந்தப் பதாகையில் மாலையோடு நிற்கும் பெண்ணுக்கு அன்றைக்கு மனத்துக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்கும் வழக்கம் மட்டும் நம்மிடம் கிடையாது. அவளுடைய வகுப்புப் பையன்கள் அந்தப் பதாகையைக் கடந்துதான் டியூஷனுக்குப் போகிறார்கள். கூச்சம் என்ற இளஞ்சிவப்புப் பெரிய உருவம், தொப்பிச் சட்டையின் கயிற்றை இழுத்து முகத்தையே மூடிக்கொள்ளும் காட்சியில் என் அண்ணன் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். போன தை மாதத்துச் சீரின் ஒளிப்படத் தொகுப்பை இன்றுவரை அவள் யாருக்கும் காட்டவிட்டதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கூச்சம் என்ற பாத்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. வாய் பேசாமல், வெட்கிக் குனிந்துகொண்டே, ஒளிந்து நிற்கும் சோகத்துக்கு யாருக்கும் தெரியாமல் கைகொடுக்கிறது. கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பி வந்த சோகத்தைப் பதற்றத்திடம் காட்டிக்கொடுக்காமல் மறைக்கும் அந்த இடத்தில், கூச்சப்படுகிறவர்கள் பிறர் துயரத்தை எவ்வளவு சீக்கிரம் கண்டுகொள்கிறார்கள் என்பதைப் படம் வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறது. சாய்மெத்தையில் சரிந்து கிடந்தபடி கைப்பேசியாலேயே விசைப்பலகையை இயக்கும் சலிப்பு நல்ல யோசனை; அந்த யோசனைக்கு மேல் அவளுக்கு வேலை எதுவும் கொடுக்கவில்லை. பொறாமை, பெரிய கண்களோடு ஓடிக்கொண்டிருக்கும் சிறிய உருவம், பதற்றத்துக்கு எடுபிடியாகவே நின்றுவிடுகிறது. இவ்வளவு வளமான உணர்வை இப்படி வீணாக்கியிருக்க வேண்டாம். தோழி ஒருத்தி மட்டும் வேறு கூட்டத்துக்குப் போய்விடுவதைப் பார்க்கும் பதின்மூன்று வயதுக்குப் பொறாமையைவிடப் பெரிய உணர்வு எது? பழையவர்களில் கோபமும் அருவருப்பும் நல்ல நகைச்சுவைக்குப் பயன்படுகிறார்கள், அவ்வளவே.

நடுப்பகுதி சற்றுத் தொய்கிறது. பழைய ஐவரும் வெளியேற்றப்பட்டு, மன உலகத்தின் விசித்திரப் பகுதிகளைக் கடந்து திரும்பி வர வேண்டும் என்ற பயணம், முதல் படத்தில் பார்த்த அதே பயணத்தின் மறுபதிப்பு. ரகசியங்களைப் பூட்டி வைத்த பெட்டகத்தில், மழலைப் பருவத்தில் ரைலி பார்த்த நிகழ்ச்சியின் தட்டைப்பட நாயும், இடுப்புப் பை ஒன்றும், ஒரு காணொளி விளையாட்டின் வீரனும் வந்து கலகலப்பூட்டுகிறார்கள். இரண்டாம் வகுப்பு படிக்கும் சின்னவன் படத்திலேயே அதிகம் சிரித்தது இங்கேதான். ஆங்கிலச் சிலேடையை நம்பி எழுதப்பட்ட இரண்டொரு நகைச்சுவைகள் எங்கள் கூடத்தில் எந்தச் சலனத்தையும் உண்டாக்கவில்லை. நாங்கள் பார்த்தது ஆங்கில ஒலிவடிவத்தை, இணையத் தளத்தின் வழியாக. படத்தில் ஓடும் ஆங்கிலம் எளியதுதான். எட்டாம் வகுப்புப் பிள்ளை, வசன வரியைப் படித்துக்கொண்டே அப்பத்தாவுக்கும் தம்பிக்கும் சொல்லிக்கொண்டு போகிற அளவுக்கு எளியது.

நடுவில் எட்டிப் பார்க்கும் ஒரு கிழவியைக் குறிப்பிட மறந்துவிடக் கூடாது. பழம்நினைவு என்ற உணர்வுக்கு மூக்குக்கண்ணாடி போட்ட பாட்டி உருவம். கதவைத் திறந்துகொண்டு வந்து எதையோ நினைத்து உருகத் தொடங்க, உனக்கு இன்னும் காலம் வரவில்லை என்று மற்றவர்கள் அவரைத் திருப்பி அனுப்புகிறார்கள். படத்தின் மிகச் சிறிய பாத்திரமும் மிகச் சரியான பாத்திரமும் அவர்தான்.

இனி உச்சக்காட்சி. முகாமின் கடைசி நாள் ஆட்டத்தில், வேல் தன் முதல் ஆண்டில் அடித்த இரண்டு கோலை மிஞ்ச வேண்டும் என்ற வெறியில், ரைலி சொந்தத் தோழி கிரேஸை மோதிக் கீழே தள்ளிவிட்டு, இரண்டு நிமிடத் தண்டனைக்காக ஓரத்துப் பெட்டியில் தனியாக உட்கார வைக்கப்படுகிறாள். அங்கே அவளுக்கு மூச்சு முட்டத் தொடங்குகிறது. உள்ளே பதற்றம் விசைப்பலகையைச் சுற்றிச் செம்மஞ்சள் சூறாவளியாகச் சுழல்கிறாள். அந்தச் சுழலுக்குள் மகிழ்ச்சி கையை விட்டுப் பார்க்கும்போது, நடுவே பதற்றம் அசையாமல் உறைந்து, கண்ணில் நீர் கோத்து நிற்பது தெரிகிறது. இதுவரை ஓட்டமாக ஓடிய பாத்திரத்தை நிறுத்திக் காட்டுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. வெளியே ஒலி மாறுகிறது: மைதானத்தின் இரைச்சல் பின்னுக்குப் போய், மூச்சும் இதயத் துடிப்பும் மட்டும் முன்னால் வருகின்றன, ரைலியின் கை தன் நெஞ்சைப் பிடிக்கிறது. பிறகு பதற்றத்தின் பிடி தளரும்போது, அவள் விரல்கள் உட்கார்ந்திருக்கும் பலகையின் மரத்தைத் தடவுகின்றன, முகத்தில் வெயில் படுகிறது, சறுக்குக் காலணி பனிக்கட்டியைக் கீறும் ஒலி காதில் விழுகிறது. பதற்றத் தாக்கு வந்தவர்களிடம், சுற்றியுள்ளவற்றைத் தொட்டுப் பார், கேள், உடலுக்குத் திரும்பி வா என்று மனநல ஆலோசகர்கள் சொல்லித் தரும் முறை இதுதான். லிசா டமோர், பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேக்கர் கெல்ட்னர் ஆகிய உளவியலாளர்களைக் கலந்துகொண்டும், பதின்பருவப் பெண்கள் சிலரை அழைத்து ஒவ்வொரு கட்டத்திலும் கருத்துக் கேட்டும் படத்தை எடுத்ததன் பலன் இந்த நிமிடங்களில் தெரிகிறது. ஆங்கிலம் ஒரு சொல் புரியாத என் அம்மா, அதுவரை ‘இந்தக் குளுருல எதுக்கு இந்தப் புள்ளைக வழுக்கிட்டுத் திரியுதுக’ என்று அலுத்துக்கொண்டிருந்தவர், இந்த இடத்தில் பேத்தியின் தோளைத் தொட்டு, ‘ஏஞ்சாமி, அந்தப் புள்ளைக்கு மூச்சு முட்டுதா? உங்களுக்கு எல்லாம் இப்படி வருமா?’ என்று கேட்டார். ‘வரும் அப்பத்தா, எங்க கிளாஸ்ல ரெண்டு பேருக்கு வந்திருக்கு’ என்று அவள் சொன்னாள். இந்தச் செய்தி வீட்டில் எங்கள் யாருக்கும் அதுவரை தெரியாது.

இந்தக் காட்சிக்குப் பிறகு படம் எடுக்கும் முடிவை நான் முழுமனத்தோடு பாராட்டுகிறேன். பதற்றத்தை விரட்டிவிட்டு மகிழ்ச்சி அரியணை ஏறுவதாக முடித்திருந்தால் அது வழக்கமான குடும்பப் படம். ஆனால் படத்தின் தொடக்கத்திலிருந்தே மகிழ்ச்சியும் ஒரு தவறு செய்துகொண்டுதான் வந்திருக்கிறாள். ரைலிக்குப் பிடிக்காத நினைவுகளை, அவள் வெட்கப்பட்ட தருணங்களை, தோற்ற ஆட்டங்களை எல்லாம் ஒரு குழாய் வழியாக நினைவின் கடைக்கோடிக்கு அனுப்பிவிட்டு, நல்லவற்றை மட்டும் ஊன்றி அந்த ‘நான் நல்லவள்’ என்ற உருவத்தை வளர்த்தவள் அவள்தான். பதற்றம் உருவாக்கியது ‘நான் போதாதவள்’ என்ற ஒற்றைக் குரல். மகிழ்ச்சி உருவாக்கியதும் ஒற்றைக் குரல்தான், கேட்க இனிமையாக இருந்தது என்பதைத் தவிர. கடைசியில் ஒதுக்கி வைத்த நினைவுகள் மலைச்சரிவாக உருண்டு வந்து கலந்து, நான் அன்பானவள், நான் சுயநலக்காரி, நான் துணிந்தவள், எனக்குப் பயம், எனக்கு உதவி வேண்டும் என்று ஒன்றோடொன்று முரண்படும் குரல்களாக நிறம் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு சுய உருவம் பிறக்கிறது. அதை உணர்வுகள் எல்லாம் சேர்ந்து அணைத்துக்கொள்கின்றன. பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கான படத்தில் இவ்வளவு சிக்கலான ஒரு கருத்தை ஒரு விரிவுரை இல்லாமல் கண்ணுக்குத் தெரியும் பொருளாக ஆக்கியிருப்பது சாதாரண வேலை இல்லை. மகிழ்ச்சிக்குக் குரல் கொடுத்த ஏமி போலர், வளர வளர மகிழ்ச்சி குறைந்துபோவதுதான் வழக்கமோ என்று ஓரிடத்தில் தளர்ந்து பேசுவார்; எப்போதும் துள்ளும் அந்தக் குரல் அங்கே இறங்குவதைக் கேட்பதற்காகவே ஆங்கில வடிவத்தை ஒரு முறை பார்க்கலாம்.

ஆண்ட்ரியா டாட்ஸ்மனின் இசை, மைக்கேல் ஜியாக்கினோ முதல் படத்துக்கு அமைத்த மெட்டைத் தேவையான இடத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு, மற்ற நேரங்களில் பதற்றத்தின் வேகத்தோடு ஓடுகிறது. உலகம் முழுவதும் 160 கோடி டாலருக்கு மேல் வசூலித்து, வெளிவந்த ஆண்டில் இயங்குபடங்களின் வசூல் வரலாற்றில் முதலிடத்துக்குப் போன படம் இது. 2025இல் சீனத்தின் ‘நே ஜா 2’ அந்த இடத்தைப் பிடித்தது. பதின்மூன்று வயதுப் பெண்ணின் மனக்கலக்கத்தை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள் என்று கேட்கும் தயாரிப்பாளர்களுக்கு இந்த எண்ணைக் காட்டலாம். 1935இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் எழுந்து நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்துத் தள்ளிய நாடு நம்முடையது. நம் வீட்டுப் பதின்மூன்று வயதுக்கு மட்டும் இன்னும் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்துதான் கதை வரவேண்டியிருக்கிறது.

யார் பார்க்கலாம் என்று கேட்டால், ஒன்பது பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இது முழுமையாகச் சேரும். அதற்கும் சிறியவர்கள் நிறங்களையும் துரத்தலையும் ரசிப்பார்கள், பதற்றத் தாக்கு காட்சியில் கொஞ்சம் மிரளக்கூடும். பக்கத்தில் ஆள் இருந்தால் போதும். பதின்பருவப் பையன்களுக்கு இது பெண்பிள்ளைக் கதை என்று ஒதுக்க வேண்டாம். ரைலியின் இடத்தில் ஒரு பையனை வைத்தாலும் ஒரு காட்சியைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. முதல் படத்தைப் பார்த்துவிட்டு இதைப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் சோகத்தை மகிழ்ச்சி எப்படி மதிக்கக் கற்றுக்கொண்டாள் என்பது தெரியாதவர்களுக்கு இவர்களின் நட்பின் பாதி அர்த்தம் போய்விடும். பெற்றோரைப் பொறுத்தவரை, விடுதிக் கட்டணம் கட்டப் போகும் வாரத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள். பார்த்துவிட்டுப் பிள்ளையிடம் என்ன புரிந்தது என்று கேள்வி கேட்டுத் தேர்வு வைக்காதீர்கள்.

ரைலிக்கு அணியில் இடம் கிடைத்ததா என்பதைப் படம் சொல்லாமலே முடிகிறது. அவள் கைப்பேசியில் முடிவைப் பார்க்கிறாள், கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கிறாள், அவ்வளவுதான். இதை எங்கள் வீட்டுச் சின்னவன் மோசடி என்றே சொன்னான். அவன் அக்கா, கிடைத்திருக்காது, அதனால்தான் காட்டவில்லை என்றாள். நங்கையா, கிடைத்திருக்கும் என்று அடித்துச் சொன்னார்கள். பெயர்ப் பட்டியல் எல்லாம் ஓடி முடிந்த பிறகு, பெட்டகத்தில் ஒளிந்திருந்த பெரிய ரகசியம் ஒரு குட்டிக் காட்சியாக வெளிவருகிறது. நல்ல சிரிப்புதான், ஆனால் அதற்காக அதற்குள் தூங்கிவிட்ட பிள்ளையை எழுப்ப வேண்டிய அவசியமில்லை.